பழசும் புதுசும் பேசுமா?

குட்டீஸ், லீவுக்கு நாகலூர் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாகலூர். சில்வர் ஓக் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிளகுக் கொடிகள் ஏறியிருக்கும். மழைக்காலத்தில் மத்தியானமே மேகம் வாசலுக்கு வந்துவிடும்!

அந்த ஊரில் உங்களுக்கு ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். தொப்பை போட்ட மானிட்டர், உறுமுகிற சி.பி.யு., உள்ளே விண்டோஸ் எக்ஸ்.பி. 2004ல் வாங்கியது. பாட்டியின் போட்டோக்கள் அதில்தான் இருக்கின்றன. பாட்டி இப்போது இல்லை. தாத்தா அந்தப் போட்டோக்களை ஒரு சி.டி.யிலும் போட்டு வைத்திருந்தார். மலை ஈரத்தில் சி.டி.க்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆக, அந்த 300 போட்டோக்களும் இருக்கிற ஒரே இடம், 20 வயது தாண்டிய ஒரு ஹார்டு டிஸ்க். அது எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் புது லேப்டாப்போடு போய் இறங்குகிறீர்கள். அதில் விண்டோஸ் 11. பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிளை எடுத்து வீட்டு ரவுட்டரில் செருகுகிறீர்கள். லேப்டாப் வை-பை மூலம் அதே ரவுட்டரில் சேர்ந்திருக்கிறது. தாத்தாவும் போட்டோ போல்டரை ‘ஷேர்’ செய்துவிட்டார். லேப்டாப்பிலிருந்து திறந்து பார்த்தால்... ‘இது பாதுகாப்பானது இல்லை, இணைக்க மாட்டேன்’ என்று மறுக்கிறது!

கேபிள் கெட்டுவிட்டதா? இல்லை. ‘பிங்’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ‘இருக்கியா?’ என்று லேப்டாப் கேட்க, ‘இருக்கேன்!’ என்று பழசு உடனே பதில் சொல்லும். குரல் கேட்கிறது, கதவுதான் திறக்கவில்லை.

உனக்கு என்ன பாஷை தெரியும்?

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் பைல் கேட்பதற்கு முன்னால், இரண்டும் ஒரு சின்ன பேச்சுவார்த்தை நடத்தும். ‘எனக்கு இந்த இந்த பாஷை தெரியும்’ என்று ஒன்று பட்டியல் கொடுக்கும். இரண்டுக்கும் தெரிந்ததில் எது புதுசோ, அதை மற்றது தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகுதான் ‘அந்த போட்டோவைக் கொடு’ என்ற பேச்செல்லாம்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பேசுகிற இந்த பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி பைகன்பாம் என்பவர் உருவாக்கியது. 2001ல் வந்த எக்ஸ்.பி.க்கு இதில் முதலாம் பதிப்பு மட்டுமே தெரியும். 2007ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இரண்டாம் பதிப்பைக் கற்றுக்கொண்டது. 2012ல் விண்டோஸ் 8, மூன்றாம் பதிப்பு. எனவே அக்காவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் கவலையில்லை, அதற்கு இரண்டாம் பதிப்பு தெரியும். ஷேருக்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத ஷேர் என்றால் விண்டோஸ் 11 முரண்டு பிடிக்கும்.

தாத்தாவின் எக்ஸ்.பி.தான் பிரச்னை. அதற்குத் தெரிந்த ஒரே பாஷையை, 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புது கம்ப்யூட்டர்களில் ஆப் செய்தே கொடுக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? அதற்கு நாம் இன்னொரு காப்பி மலைக்குப் போக வேண்டும்.

வயநாட்டில் ஒரு திங்கட்கிழமை

கேரளாவின் வயநாட்டில் தரியோடு என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. 2017 மே 15, திங்கட்கிழமை காலை. ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் போட்டால் பைல்கள் எதுவுமே திறக்கவில்லை. ‘உன் பைல்களைப் பூட்டிவிட்டேன். 300 டாலர் கொடுத்தால் திறப்பேன்’ என்று திரையில் மிரட்டல்! அதன் பெயர் ‘வான்னாக்ரை’. மூன்று நாளுக்கு முன்னால், மே 12ம் தேதி கிளம்பிய இந்த விஷமப் புரோகிராம், சுமார் 150 நாடுகளுக்குப் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடிப்போயின.

அது நுழைந்த ஓட்டை எது தெரியுமா? எஸ்.எம்.பி.யின் அதே முதலாம் பதிப்புதான்! யாரும் எதையும் ‘கிளிக்’ செய்யக்கூடத் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் போதும், அங்கிருந்து அதே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்ததற்குத் தானாகத் தாவியது. ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14ம் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகம் மாட்டியது எக்ஸ்.பி. அல்ல, அப்டேட் செய்யாமல் விட்ட விண்டோஸ் 7! பாவம், எக்ஸ்.பி. மீது மட்டும் பழி போடாதீர்கள்.

உங்கள் லேப்டாப் தாத்தாவின் கம்ப்யூட்டருக்குக் கதவைத் திறக்க மறுத்ததற்கு இதுதான் காரணம்.

சரி, பாட்டியின் போட்டோக்கள்?

லேப்டாப்பில் அந்தப் பழைய பாஷையை மறுபடி ‘ஆன்’ செய்ய வழி இருக்கிறது. நான் சொல்லித்தரப் போவதில்லை! ஆன் செய்பவர்கள் பெரும்பாலும் ஆப் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

300 போட்டோ தானே? அந்தக் காலத்து கேமரா போட்டோ ஒன்று ஏறக்குறைய 1 எம்.பி. என்று வைத்தாலும், மொத்தம் 300 எம்.பி. ஒரு பென் டிரைவ் போதும். ஆனால் அதை ‘பேட் 32’ முறையில் பார்மட் செய்திருக்க வேண்டும். ‘எக்ஸ் பேட்’ முறையில் இருந்தால் பழைய எக்ஸ்.பி. முழிக்கும். பேட் 32ல் 4 ஜி.பி.க்கு மேல் உள்ள ஒரே பைலை வைக்க முடியாது. சித்தப்பாவின் கல்யாண வீடியோ முரண்டு பிடித்தால் காரணம் அதுதான்.

கம்ப்யூட்டர் உயிரே பெறவில்லை என்றால்? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றி வழியாக லேப்டாப்பில் இணைக்கலாம். 2004 மாடல் டிஸ்க் பெரும்பாலும் பட்டையான கேபிள் வகையாக இருக்கும், மாற்றி வாங்கும்போது கடையில் அதைச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் பெரியவர்கள் யாராவது கூட இருக்கட்டும்.

தாத்தா தினமும் காப்பி, மிளகுக் கணக்கை எக்ஸ்.பி.யில்தான் எழுதுகிறார், அது தினமும் லேப்டாப்புக்கு வர வேண்டும் என்றால் பென் டிரைவோடு நடந்து மாளாது. அங்கே ஒரு துபாஷி வேண்டும். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அப்படி!

கம்ப்யூட்டர் உலகத்துத் துபாஷியின் பெயர் ‘சம்பா’. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் 1991 டிசம்பரில் எழுத ஆரம்பித்தது. அவருக்கு அந்த பாஷையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்கள் கேபிளில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டார். பாஷை தெரியாத ஊரில் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் சர்வர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனிப்பது போல! பெயர் வைத்த கதையும் தமாஷ். எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற சொற்களை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததுதான் ‘சம்பா’. நம் நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஒரு பிரேசில் நடனம்.

லினக்ஸ் போட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டரில், உதாரணமாக ராஸ்பெரி பையில், சம்பாவை நிறுவி நடுவில் வைத்தால் அது எக்ஸ்.பி.யிடம் பழைய பாஷையிலும் லேப்டாப்பிடம் புதிய பாஷையிலும் பேசும். 2019 முதல் சம்பாவும் பழைய பாஷையைத் தானாகப் பேசுவதில்லை, செட்டிங்கில் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்தால் ஆபத்தும் கூடவே வரும். அதனால் எக்ஸ்.பி.யை இன்டர்நெட் பக்கமே விடாதீர்கள். அதன் நெட்வொர்க் செட்டிங்கில் முகவரியை நீங்களே கொடுத்து, ‘டீபால்ட் கேட்வே’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், அது வீட்டுக்குள் மட்டும் பேசும். வெளியே போக அதற்கு வழி தெரியாது.

எந்த வழியில் எடுத்தாலும், தாத்தாவிடம் ‘வந்தாச்சு!’ என்று கத்துவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் எத்தனை பைல் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே 300 என்றால் இங்கேயும் 300. பத்து போட்டோக்களையாவது திறந்து பாருங்கள். பிறகு இன்னொரு பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுங்கள். அதை நாகலூரில் வைக்காமல், சேலத்தில் அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.