முப்பத்தாறு நொடி வாசிப்பு: ஆசிரியர் தகுதித் தேர்வை முன்வைத்து

பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பாக்கியிருந்தால் இரண்டே ஆண்டு அவகாசம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் எங்கள் ஊரில் சாயங்காலம் கூடிப் படிக்கும் ஆசிரியர் குழுவொன்றில் நானும் போய் உட்காரத் தொடங்கினேன். அங்கே கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஐம்பதை நெருங்கும் டீச்சர் ஒருவர். அவர் கதை வாசித்தால் கடைசி வரிசைப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும். மாதிரி வினாத்தாளைக் கொடுத்தால் ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறார். சரியாகக் குறித்த விடையை அடித்துவிட்டு வேறொன்றைக் குறிக்கிறார். "கண்ணு ஓடுது சார், மண்டையில ஏற மாட்டேங்குது. எனக்குப் படிக்கவே தெரியாதோன்னு பயமா இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷமாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பவரின் பேச்சு இது.

பயிற்சி மையங்களின் சொல்லாடலில் இதற்குப் பெயர் தன்னம்பிக்கைக் குறைவு. குறை ஆளிடம்; மருந்து 'உன்னால் முடியும்' என்கிற சுவரொட்டி. உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் எழுதியது வேறு. தன் திறன் மீதான நம்பிக்கை குறிப்பிட்ட ஒரு வேலையை ஒட்டியது. செய்து தேறிய அனுபவமே அதன் வலுவான ஊற்று. ஊக்கப் பேச்சு அதைவிடப் பலவீனமானது. ஆக, வகுப்பறையில் வாசித்துப் பெற்ற நம்பிக்கை தேர்வறைக்குத் தானாகக் கூட வராது. அங்கே நடப்பது வேறு வாசிப்பு.

2012 ஜூலையில் தமிழகத்தின் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 36 நொடி. அதற்குள் 'பொருந்தாதது எது', 'தவறான கூற்று எது' என்று தலைகீழாகக் கேட்பதைப் படித்து, நான்கு விடைகளையும் எடைபோட்டுக் குறிக்க வேண்டும். எழுதியவர்கள் ஆறே முக்கால் லட்சம் பேர், தேறியவர்கள் 2,448. அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரம் மூன்று மணியானது. தேறியவர்கள் சுமார் 19,000. வினாத்தாள் வேறு, படிக்க மூன்று மாதம் கூடக் கிடைத்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் ஜூலையில் தோற்ற லட்சக்கணக்கானவர்களை 'தகுதியற்றவர்' என்று எழுதியதில் கடிகாரத்துக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

தேர்வு ஒவ்வொருவரையும் ஆவணமாக்கித் தனி 'நேர்வு' ஆக்குகிறது என்றார் ஃபூக்கோ (1975). அந்த ஆவணத்தில் மதிப்பெண் இருக்கும், கடிகாரம் இருக்காது. தோற்றவர் கடிகாரத்தையும் தன் மூளைக் குறையாகவே வாசித்துக்கொள்கிறார். அடுத்த முறை தாளைத் தொடும்போதே கை நடுங்குகிறது.

'அப்படியானால் தேர்வே வேண்டாமா?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஏழைப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியரைக் கேட்கும் உரிமை உண்டு; 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் நியாயம் அது. அந்தப் பிள்ளைக்கு 36 நொடியில் வட்டத்தைக் கருப்பாக்கும் ஆசிரியரால் என்ன பயன் என்பதே என் கேள்வி.

குழுவில் முதலில் கடிகாரத்தை எடுத்து வைத்தோம். கேள்வியை ஒருவர் உரக்க வாசிப்பார். மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று எல்லோரும் பேசுவோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கொண்டுவந்தோம். டீச்சர் இப்போது விடையை அடிப்பது குறைந்திருக்கிறது. பாஸாவாரா, தெரியாது.

போன வாரம் வைகாட்ஸ்கி பற்றி ஒரு கேள்வி வந்தது: இன்று துணையோடு செய்வதைப் பிள்ளை நாளை தனியே செய்யும். சரியாகக் குறித்துவிட்டு டீச்சர் சொன்னார்: "இதப் பிள்ளைக்குக் குடுன்னு கேக்குறாங்க. எனக்கு யாரு சார் குடுத்தா?"