உடற்குறையும் தன்மதிப்பும்

பிறவி முதலே பார்வையின்றி வளர்ந்தவர் தம்மை அறிந்த நாளிலிருந்தே அவ்வுடலோடு பழகியவர். நடுத்தர வயதில் ஓர் உறுப்பின் ஆற்றலை இழந்தவரோ, நேற்றிருந்த தம்மோடு இன்றிருக்கும் தம்மை நாள்தோறும் ஒப்பிட்டு வருந்துகிறார். அவ்வருத்தத்தால் அவருடைய தன்மதிப்புத் தேயத் தொடங்குகிறது.

இதனை நான் நூல்களில் மட்டும் கற்றேனல்லேன். ஆசிரியப் பணியில் இருந்தபோது, என் 42-ஆம் வயதில் செவித்திறன் குன்றியது. மாணவர் வினவுவது கேளாதபோதும் கேட்டவன்போல் தலையசைத்தேன். பிறர் சிரித்தால் நானும் சிரித்தேன். நாளடைவில், எவரும் வினா எழுப்பாதபடி மணி அடிக்கும் வரை நானே பேசினேன். என் குறை மறைந்ததென்று நம்பினேன். மறைந்தது என் மாணவரின் குரலே.

மறைத்தல் எத்துணைக் கடுமையான உழைப்பு என்பதற்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் சான்றாவார். 1921-இல், தம் 39-ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் என மருத்துவர் கூறிய நோயால் அவர் கால்களின் வலிமையை இழந்தார். எஃகுத் தாங்கிகளைப் பூட்டிக்கொண்டு, நின்றவாறே மேடைகளில் பேசினார். நிற்க இயலாதவரைத் தலைவராக ஏற்க அக்காலச் சமூகம் தயங்கியது. 1945 மார்ச்சு 1-ஆம் நாள், நாடாளுமன்றத்தில் அமர்ந்தபடி பேசிய அவர், கால்களில் ஏறத்தாழ 10 பவுண்டு எஃகைச் சுமக்க வேண்டாமையால் எளிதாயிருக்கிறது என்று சொல்லிப் பொறுத்தருள வேண்டினார். அடுத்த திங்களே மறைந்தார்.

குறையை ஏற்பதென்பது யாது? உளவியலறிஞர் பியாட்ரிஸ் ரைட் 1960-இல் வெளியிட்ட நூலில், மதிப்புகள் நான்கு வகையில் மாறுவதே ஏற்பு என்று விளக்கினார். இழந்த ஒன்றைத் தவிரவும் வாழ்வில் விழுமியவை பல உண்டெனக் காண்பது முதலாவது. உடலின் தோற்றத்தையும் வலிமையையும் தலையாய அளவுகோலாகக் கொள்ளாமை இரண்டாவது. குறையை அதன் எல்லைக்குள் நிறுத்துதல் மூன்றாவது: செவி குன்றினால் குன்றியது செவி மட்டுமே, அறிவும் அன்பும் குன்றவில்லை. பிறரோடு ஒப்பிடுவதை விடுத்து, உள்ளதன் பயனை நோக்குதல் நான்காவது.

மூன்றாவதே எனக்குக் கைகொடுத்தது. ஒரு நாள் காது கேட்கும் கருவியை அணிந்து வகுப்பிற்குச் சென்றேன். "எனக்குக் காது மந்தம். வினவுவோர் எழுந்து, என் முகம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் அமைதி நிலவியது. பின்னர்க் கடைசி வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். அவர் கேட்ட வினாவிற்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று சொல்லவும் அன்று நான் நாணவில்லை.

ஏற்பு ஒரே நாளில் நிறைவுறுவதன்று. துயரம் மீளும் நாட்களும் உண்டு. அநீதிக்குப் பணிவதும் ஏற்பாகாது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீட்டை வகுத்துள்ளது. தம் குறையை வாய்விட்டுச் சொல்லத் துணிந்தவரே அவ்வுரிமையையும் தயங்காது கேட்பர்.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் மூத்தவர் ஒருவர் காரணமின்றிப் பேச்சைக் குறைத்துக்கொண்டால் இரக்கம் காட்டி விலகாதீர்கள். அருகில் அமர்ந்து, அவருக்கு எது எளிதென்று கேளுங்கள். அவர் சொல்வதை இயல்பாகச் செய்யுங்கள். இழந்த மதிப்பு மீளுதற்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.