நக்கிள்ஸ் மலையில் ஓர் இரவு

திகனயிலிருந்து மஹியங்கனை வீதியில் சென்று, ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பி ஏறினால் நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த, இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. மூக்கில் இலை போன்ற கொம்புடைய ஓணான் இனமொன்று உலகிலேயே இங்கு மட்டும்தான் வாழ்கிறது.

இங்கே கூடாரமடித்துத் தங்கிப் படமெடுக்க ஆசையா? முதலில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். வழி தெரிந்த உள்ளூர்வாசி ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். மூடுபனி இறங்கினால் பழகிய பாதையும் மறைந்துவிடும்.

நட்சத்திரங்களைப் படமெடுக்க அமாவாசையை ஒட்டிய நாட்களே நல்லவை. கமராவை முக்காலியில் பொருத்துங்கள். 24 மில்லிமீற்றர் லென்ஸில் சுமார் 20 விநாடி திறந்து வைத்தால் போதும்; அதைவிட நீண்டால், பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் கோடுகளாகிவிடும். லென்ஸில் பனி படியும், துடைக்க உலர்ந்த துணி வேண்டும். அட்டைக் கடியைத் தவிர்க்கக் காலுறையும் அவசியம்.

காட்டில் தீ மூட்டாதீர்கள். வறண்ட காலத்தில் சிறு பொறியும் புல்வெளியை எரித்துவிடும். கொண்டுபோன பிளாஸ்டிக் அனைத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். அந்த மலை நம் பிள்ளைகளுக்கும் உரியது.