சிக்னல் ரெண்டு கோடு, ஆனா நெட் இல்லை: கண்ட்ரோல் சேனலின் கதை

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி தாண்டி நரிக்குடி பக்கம் பஸ்ஸில் போனவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். ரெண்டு பக்கமும் பொட்டல், சீமைக்கருவேலம், நடுநடுவே கண்மாய். டவர் தூரத்தில் குச்சி மாதிரி தெரியும். போனில் ரெண்டு கோடும் காட்டும். ஆனா மெசேஜ் பக்கத்தில் அந்தச் சின்ன கடிகாரம் சுத்திக்கிட்டே இருக்கும். பாட்டு கேட்கத்தான் நெட் வேணும்னா பரவாயில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடணும், பேங்க் ஓடிபி வரணும்னா?

"டேட்டா வேகம் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போவோம். பல நேரம் பிரச்சினை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. டவர் உங்களுக்கு டேட்டா அனுப்பும் முன், "உனக்கான டேட்டா இந்த இடத்தில், இந்த முறையில் வருது" என்று ஒரு சின்னக் குறிப்பு அனுப்பும். அது வரும் வழிதான் கண்ட்ரோல் சேனல். 5ஜியில் அதன் பெயர் பிடிசிசிஹெச். டேட்டா கெட்டுப்போனால் போன் "திரும்ப அனுப்பு" என்று கேட்கலாம். குறிப்பே கிடைக்கலைன்னா, தனக்கு ஒண்ணு வந்ததே போனுக்குத் தெரியாது. அதனால் கேட்கவும் கேட்காது.

அந்தக் குறிப்பு எந்த மூலையில் இருக்குன்னும் போனுக்கு முன்கூட்டித் தெரியாது. இருக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். 15 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளியில், ஒரு மில்லிசெகண்டுக்குள் 44 முயற்சி வரை. ஒவ்வொன்றிலும் 24 பிட் சிஆர்சி பொருந்துதா என்று சோதிக்கும். பொருந்தினால் நம்மது, இல்லைன்னா விட்டுட்டுப் போயிடும்.

இங்கேதான் சேனல் எஸ்டிமேஷன் வருது. ஊர்ப் பொங்கலுக்கு ரேடியோ செட் கட்டுறவர் முதல்ல என்ன செய்வார்? "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." அந்த வார்த்தைகளில் செய்தி எதுவும் இல்லை. ஆனா என்ன சொன்னோம்னு அவருக்கே தெரியும். அதனால் ஸ்பீக்கர் அதை எப்படி மாத்துதுன்னு கண்டுபிடிச்சிடுவார். டவரும் அதையே செய்யுது. 12 சப்கேரியருக்கு 3 வீதம், போனுக்கு முன்பே தெரிந்த பைலட் குறிகளை வைக்குது. பெயர் டிஎம்ஆர்எஸ். வந்ததை, அனுப்பியதால் வகுத்தால் சேனல் கிடைக்கும். தேர்வில் இதோடு முடிந்துவிடும். பொட்டல் காட்டில் முடியாது.

கணக்குப் போடுவோம். 15 கிலோஹெர்ட்ஸில் வெப்ப நாய்ஸ் சுமார் -132 டிபிஎம். போனின் சொந்த நாய்ஸ் 8 டிபி என்று வைத்தால் -124. ஆக ஆர்எஸ்ஆர்பி -124 ஆகும்போது சிக்னலும் நாய்ஸும் சமம். ஒரே ஒரு பைலட்டை நம்பி எடுத்த மதிப்பில் பாதி பொய். 6 ரிசோர்ஸ் பிளாக்கில் இருக்கும் 18 பைலட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பதினெட்டில் ஒரு பங்காகக் குறையும், அதாவது சுமார் 12.5 டிபி லாபம். டவரில் ஒரு ரூபாய் செலவு இல்லாமல்!

ஆனா கண்ணை மூடிக்கிட்டு சராசரி எடுக்கக் கூடாது. போன் தன் எஃப்எஃப்டி ஜன்னலை வேணும்னே கொஞ்சம் முன்னாடியே திறக்கும். அது ஒரு மைக்ரோ செகண்ட் முன்னாடி என்றால், 6 பிளாக்கின் 1.08 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஃபேஸ் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அதை அப்படியே கூட்டினால் விடை கிட்டத்தட்ட பூஜ்யம். நாய்ஸோடு சேர்ந்து சிக்னலும் காலி. அதனால் முதலில் பக்கத்துப் பக்கத்து பைலட்டுகளை ஒப்பிட்டு அந்தச் சுழற்சியை அளந்து, திருப்பி நேராக்கிட்டு, அப்புறம்தான் சராசரி.

நேராக்கிய பிறகும் மிச்சம் இருப்பது எதிரொலி. சென்னை அண்ணா சாலையில் கட்டடம் கட்டடமாகப் பட்டு வரும். சேனல் சீக்கிரம் சீக்கிரம் மாறும், கொஞ்ச தூரத்துக்கு மேல் சராசரி எடுக்க முடியாது. கரிசல் வெளியில் மறிக்கவும் எதிரொலிக்கவும் அதிகம் ஒண்ணும் கிடையாது. நேர்ப்பாதைதான் பெரும்பங்கு. ஆடு மேய்க்கிறவர் ஓடிக்கிட்டும் இல்லை. எனவே நம்ம ஊர் சேனல் அகலமாகத் தட்டையானது. நிறைய பைலட்டைச் சேர்க்கலாம். 5ஜி தரத்தில் இதுக்கு ஒரு வசதியே இருக்கு: அடுத்தடுத்த பிளாக்குகள் முழுக்க ஒரே ப்ரீகோடிங் என்று டவர் சொல்லிவிடலாம். அப்போ தன் குறிப்பு இல்லாத இடத்து பைலட்டையும் போன் பயன்படுத்தலாம். 48 பிளாக் என்றால் 144 பைலட்.

லாபம் ஒரு போனுக்கு மட்டும் இல்லை. சேனல் சரியாகத் தெரியாத போனுக்கு டவர் அதே குறிப்பை 16 பங்கு இடம் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். 48 பிளாக், 2 சிம்பல் உள்ள கண்ட்ரோல் பகுதியில் மொத்தமே 16 பங்குதான்! ஓரத்தில் இருக்கும் ஒருத்தர் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டா, மத்தவங்க அடுத்த முறை வரை காத்திருக்கணும். எஸ்டிமேஷன் 3 டிபி கைகொடுத்தால் 8 பங்கு போதும்.

இது டவர் பேசுவது. போன் திரும்பிப் பேசுவது இன்னும் கஷ்டம், ஏன்னா அதன் பவர் சாதாரணமா 200 மில்லிவாட். இங்கே இந்தியாவின் பங்கு உண்டு. டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர், மெதுவாக நகரும் மக்கள் என்ற நம்ம கிராமச் சூழல், 5ஜிக்கான ஐடியூ சோதனைகளில் இடம்பெற்றது. அதுக்காக ஐஐடி ஹைதராபாத், ஐஐடி மெட்ராஸ் போன்றவை உழைத்து, டிஎஸ்டிஎஸ்ஐ கொண்டுவந்த 5ஜிஐ தரத்தை 2021 பிப்ரவரியில் ஐடியூ தன் பரிந்துரையில் சேர்த்தது. பிறகு அது 3ஜிபிபி ரிலீஸ் 17இல் இணைந்தது. தனித் தரமாகவே இருந்திருந்தால் போன் விலை ஏறியிருக்கும். இணைந்ததே நல்லது என்பது என் கருத்து.

அதன் மையம் பை பை டூ பிபிஎஸ்கே. அலையின் உச்சங்கள் குறைவதால் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லை வரை ஓட்டலாம். வேடிக்கை என்னன்னா, ரிலீஸ் 15இல் டேட்டாவின் உச்சம் குறைந்தது, பைலட்டின் உச்சம் குறையவில்லை. பைலட்டுக்காக மொத்தத்தையும் அடக்கி வாசிக்க வேண்டியதாச்சு. ரிலீஸ் 16இல் பைலட்டையும் அதே மாதிரி மாற்றினார்கள். அப்லிங்க் கண்ட்ரோல் சேனலின் 3, 4ஆம் வடிவங்களுக்கும் சேர்த்து.

ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்களுக்கு ஒண்ணு. நிறைய பேர் சிமுலேஷனில் டிடிஎல்-சி, 300 நானோ செகண்ட் போட்டுட்டு நகர்ந்துடுறாங்க. அது நேர்ப்பாதை இல்லாத சேனல். ஒரு தடவை டிடிஎல்-டி, 30 நானோ செகண்ட், நடை வேகம் போட்டு, 6 பிளாக் சராசரியையும் 48 பிளாக் சராசரியையும் ஒரே கிராஃபில் வரைஞ்சு பாருங்க. எஸ்என்ஆர் அச்சை பூஜ்யத்தில் இருந்து இல்லை, -10இல் இருந்து ஆரம்பிங்க.