கைமாறும் உயரங்கள்: கூடைப்பந்து ரசிகர்களின் பேச்சு குறித்துச் சில குறிப்புகள்

கூடுவாஞ்சேரி ரயிலடிக்கு வெளியே நான் காலையில் டீ குடிக்கிற கடையில் நாலைந்து இளைஞர்கள் தினமும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் இரவில் நடக்கிற என்.பி.ஏ. ஆட்டம் நமக்கு விடிகாலையில் வருகிறது. செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்தபிறகுதான் உண்மையான ஆட்டம் தொடங்கும்: யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம்? முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பேச்சைக் கேட்பதைத் தவிர வேறென்ன தெரியும்?

‘மச்சி, அந்தப் பையனுக்கு இருபத்துமூணு வயசுதான்டா. ஏழடி. நாம ரெண்டு பேரக் குடுத்தாக்கூட தப்பில்ல.’

‘முதுகு பிரச்னைடா அவனுக்கு. தேறாத மாடு.’

‘தேறுவான். தேறலன்னா அடுத்த வருஷம் தள்ளிவிட்டுடலாம்.’

இந்த மூன்று வரிகளுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. விளக்க வேண்டிய சங்கதிகளை முதலில் விளக்கிவிடுகிறேன். எழுத்தாளர்களும் தோழர்களும் இந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

கூடைப்பந்தில் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஏழடி மனிதன் கையைத் தூக்கி நின்றால், குதிக்காமலே விரல்கள் வளையத்துக்குச் சில அங்குலம் கீழே நிற்கும். கூடைக்கடியில் நின்று எதிராளியின் வீச்சைத் தடுப்பது, தெறித்துவரும் பந்தைப் பிடிப்பது இவருடைய வேலை. ஆங்கிலத்தில் இவரைப் ‘பிக் மேன்’ என்கிறார்கள். அப்படியே தமிழாக்கினால் ‘பெரிய ஆள்’. நம் பேச்சில் பெரிய ஆள் என்றால் செல்வாக்கு உள்ளவர், சொன்னால் நடக்கும் என்று பெயரெடுத்தவர். அந்த ஆட்டத்திலோ பெரிய ஆள்தான் பெரும்பாலும் கைமாற்றப்படுகிறவர். உயரத்தை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அங்கே பயிற்சியாளர்களின் நம்பிக்கை. அதனால் உயரமாகவும் இளமையாகவும் இருக்கிறவன்மேல் எல்லாருக்கும் கண். அவன் இன்று என்ன ஆடுகிறான் என்பதைவிட நாளை என்ன ஆகக்கூடும் என்பதற்குத்தான் விலை.

இந்த ‘நாளை’யின் கணக்கு சுவாரஸ்யமானது. 1995 முதல் புதிதாக வரும் வீரனுக்குச் சம்பளம் ஒரு நிர்ணயித்த அட்டவணைப்படிதான். தேர்வில் எத்தனையாவது இடமோ அதற்கேற்ற தொகை. முதல்சுற்றில் தேர்வானவனுக்கு இன்று நான்கு ஆண்டு ஒப்பந்தம். கடைசி இரண்டு ஆண்டு அவன் இருப்பானா என்பது அணியின் விருப்பம். அந்த ஆண்டுகளில் அவன் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் தொகை ஏறாது. ஆக, இளம் பெரிய ஆளின் ‘மதிப்பு’ என்பது அவன் தருவதற்கும் அவனுக்குத் தருவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம். நம் வாசகர்களுக்கு இதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. டீக்கடைப் பையன்கள் ‘உபரி’ என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ‘சீப்பா இருக்கும்போதே அமுக்கிடணும்’ என்று அதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுகிறார்கள். கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும் என்ற விதி இருப்பதால் மனக்கணக்காகவே மில்லியன்களைக் கூட்டிக் கழிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவன். நான் இந்தக் கணக்கில் அவனிடம் மூன்று முறை தோற்றிருக்கிறேன்.

அன்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தது சார்லட் அணியில் இருந்த மார்க் வில்லியம்ஸ் பற்றி. 2022 தேர்வில் 15ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். முதுகுவலியால் 2023-24 பருவத்தின் பெரும்பகுதி ஆடாதவர். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி தன் பெரிய ஆளான ஆண்டனி டேவிஸைக் கொடுத்து டல்லஸிலிருந்து லூகா டான்சிச்சை வாங்கியிருந்தது. கூடைக்கடியில் ஆள் இல்லை. உடனே டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ் என்ற இரு ஆட்டக்காரர்களையும், 2031ஆம் ஆண்டின் முதல்சுற்றுத் தேர்வுரிமையையும், 2030இல் தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்து வில்லியம்ஸை வாங்குவதென்று பேசி முடித்தார்கள். அறிவிப்பும் வந்தது. அடுத்து மருத்துவப் பரிசோதனை. பிப்ரவரி 8ஆம் தேதி, ‘உடல் தேறவில்லை’ என்று லேக்கர்ஸ் பேரத்தையே ரத்து செய்துவிட்டது. வில்லியம்ஸ் சார்லட்டுக்குத் திரும்பினார். ‘உன்னைக் கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லப்பட்ட நெக்ட், கொடுத்தவர்களிடமே திரும்பி அதே உடைமாற்றும் அறையில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஜூன் மாதமே வில்லியம்ஸ் ஃபீனிக்ஸ் அணிக்குக் கைமாறினார்.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசுவார். இங்கே துண்டுக்குப் பதில் தொலைக்காட்சி. முதுகுத்தண்டின் படம் எதிரணி மருத்துவர் மேசைக்குப் போகிறது. அவர் சொல்லும் ஒரு சொல் உலகம் முழுக்கப் பரவுகிறது. கூடுவாஞ்சேரியில் ஒருவன் ‘தேறாத மாடு, நான் அப்பவே சொன்னேன்ல’ என்று ஜெயித்த குரலில் சொல்கிறான். அடைத்து வைப்பதும் அடிப்பதும் மட்டுமே அதிகாரமல்ல, உடலை அளப்பதும் பதிவதும் ஒப்பிடுவதும் அதிகாரம்தான் என்று ஃபூக்கோ சொன்னதை நாம் பத்திரிகைகளில் சிறைச்சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்றே எழுதித் தீர்த்தோம். டீக்கடையை விட்டுவிட்டோம்.

அந்தப் பேரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2031இன் தேர்வுரிமை. அந்த ஆண்டு 19 வயதில் தேர்வாகப்போகும் பையனுக்குப் பேரம் நடந்தபோது 13 வயது. அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தான். முகமில்லாத அந்தச் சிறுவனும் மேசையில் வைக்கப்பட்டான். இதைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். ‘அண்ணா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.’

இருக்கலாம். ஆனாலும் ‘நாம’ என்ற சொல்லில் நான் சிக்கிக்கொண்டேன். தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொள்வது ‘நாம்’. ‘நாம ரெண்டு பேரக் குடுத்தாக்கூட’ என்கிறபோது பேசுகிறவன், கேட்கிறவன், லாஸ் ஏஞ்சலிஸில் கையெழுத்துப் போடும் மேலாளர் எல்லாரும் ஒரே வேட்டிக்குள் வந்துவிடுகிறார்கள். வராதவன் கொடுக்கப்படுகிறவன் மட்டும். அவன் எப்போதும் ‘அவன்’. தோற்ற நாளில் மொத்த அணியுமே ‘அவனுங்க’ ஆகிவிடுவது தனிக்கதை. வினைச்சொற்களையும் கவனியுங்கள்: எடுக்கலாம், கொடுக்கலாம், தள்ளிவிடலாம், கழற்றிவிடலாம். வீரன் எழுவாயாக வரும் வாக்கியத்தை நான் அநேகமாகக் கேட்டதே இல்லை. கொடுத்து எடுப்பது என்ற சொல்லை நம் ஊரில் வேறெங்கே புழங்குகிறோம்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீடுகளில். அங்கேயும் கொடுக்கப்படுகிறவளைக் கேட்பதில்லை.

நம் ஊரிலும் இது நடக்கிறது, ஏலமாக. புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி 2017இல் சேர்ந்தது. 2022இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமலே அணி முதல்தடவையாக அரையிறுதி வரை போனது. அப்போதும் டீக்கடைகளில் பேச்சு ‘ரெண்டே கால் கோடி வேஸ்ட்’ என்பதுதான். முட்டி பற்றி யாரும் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும், எனக்கும் வந்தது. செங்கல்பட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு ஆள் கைமாறுவதைப் பற்றி எழுதினால் பண்ணையாள் நினைவுக்கு வராமல் போகாது. நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் மனிதர்களை விற்ற பூமி இது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையைச் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் ஆக்கியது. ஆனாலும் கடன் கட்டிவைத்தது. 1891இல் இங்கே கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை இந்த நிலைமையைத்தான் சொன்னது, அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. முன்பணம் வாங்கிய ஆளைக் கடனை அடைத்து இன்னொருவர் அழைத்துப்போகும் வழக்கம் செங்கல் சூளைகளில் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. ஆனால் கூடைப்பந்து வீரரைப் பண்ணையாள் என்று எழுதுவது அறிவுச் சோம்பல், பண்ணையாளை அவமதிப்பதும்கூட. வில்லியம்ஸ் கோடீஸ்வரர். டீக்கடைப் பையன் என் வாயை அதைச் சொல்லித்தான் அடைத்தான்: ‘அண்ணா, அவன் ஒரு ஆட்டத்துக்கு வாங்கறத நான் ஆயுசு முழுக்கச் சம்பாதிக்க மாட்டேன். அவனுக்காக நீங்க அழறீங்களா?’

அழவில்லை. ஆனால் அந்தக் கோடி எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. என்.பி.ஏ. வீரர்களின் சங்கம் 1954இல் தொடங்கியது. 1964 ஜனவரியில் பாஸ்டனில், நட்சத்திர ஆட்டம் முதல்முறையாக நாடு முழுக்க மாலைநேரத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த நாளில், ஓய்வூதிய உறுதி கிடைக்காமல் ஆட மாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிகள் இறங்கிவந்த பிறகே களத்துக்கு வந்தார்கள். பேஸ்பாலில் 1969இல் தன்னைக் கேட்காமல் வேறு ஊருக்குக் கைமாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர் உச்சநீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு போயிற்று. கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் சங்கம் 1970இல் போட்ட வழக்கு 1976இல் சமரசமாகி, ஒப்பந்தம் முடிந்தவன் தான் விரும்பும் அணியைத் தேடிக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டது. (இங்கே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் 1976. தற்செயல்தான், இதிலிருந்து ஒன்றையும் நிறுவ நான் முயலவில்லை.) இன்று ஆட்ட வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. கைமாற்றும் உரிமையை மட்டும் முதலாளிகள் விட்டுக்கொடுக்கவில்லை. ‘என்னைக் கேட்காமல் அனுப்பக்கூடாது’ என்ற ஷரத்து மூத்த நட்சத்திரங்கள் ஒருசிலருக்குத்தான் வாய்க்கிறது.

இந்தப் பையன்களுக்குச் சங்கம் கிடையாது. மூன்றுபேர் மறைமலைநகர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஃபோர்டு ஆலை 2022இல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த சின்னப் பட்டறையிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். இரண்டு ஆண்டில் நான்கு கம்பெனி மாறினான். ‘மாறினேன்’ என்று அவன் சொல்வதில்லை. ‘காண்ட்ராக்டர் மாத்தி விட்டாரு’ என்றுதான் சொல்வான். தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது எழுவாயாக வராதவன், காலை ஏழு மணிக்கு அரைமணி நேரம் ‘நாம’ ஆகிறான். இதைப் பொய்ப் பிரக்ஞை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், எளிது. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். அவனுடைய யோசனையை நாலுபேர் எதிர்த்து வாதாடுகிறார்கள். அவனுடைய கணக்கு சரியாக வருகிறது. வேறெங்கும் அவனை யாரும் யோசனை கேட்டதில்லை.

உயரத்தைத் தேடி எடுப்பது நம் நாட்டிலும் உண்டு. பஞ்சாபில் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங்கை 2010இல் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ஏழடி இரண்டங்குலம். 2015 தேர்வில் டல்லஸ் அணி 52ஆவது இடத்தில் எடுத்தது, இந்தியாவில் பிறந்தவர்களில் முதலாமவர். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஊக்கமருந்துத் தடையும் வந்தது. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். நம் பக்கத்தில் தேர்வு மேடை வேறு: விளையாட்டு விடுதி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், அங்கிருந்து ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற அணிகளில் வேலை. பெரியகுளம் போட்டியில் ஆடுவது என்பது அந்தப் பையன்களின் கனவு. வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும். கிடைக்காதவர்களைப் பற்றி எந்தப் பட்டியலும் இல்லை.

என்னோடு நந்திவரத்தில் படித்த ஒருவன் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடி இரண்டங்குலம். பி.டி. மாஸ்டர் அவனைச் சுவரோரம் நிறுத்திக் கரிக்கோடு போட்டு அளப்பார். ஒரு தனியார் கல்லூரி இலவச இடம் கொடுத்தது. இரண்டாம் ஆண்டில் வலது முட்டி போயிற்று. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டச் சொன்னார்கள். அவன் அப்பாவால் முடியவில்லை. இப்போது தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் காவலுக்கு நிற்கிறான். உயரத்தைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அந்தப் பிப்ரவரிக் காலையில் அவனும் டீக்கடையில் இருந்தான். விவாதம் சூடாக இருந்தது. பேரம் ரத்தானது சரியா தவறா என்று என்னிடமும் கேட்டார்கள், நான் மழுப்பினேன். அவன்தான் தீர்ப்புச் சொன்னான்: ‘சரிதான்டா செஞ்சாங்க. ஒருவாட்டி ஒடம்பு போச்சுன்னா போச்சு. அவன வச்சு நாம என்ன பண்றது?’

டம்ளரை வைத்துவிட்டு வண்டிக்குக் கிளம்பினான். நடைமேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினான்.