பச்சைத் தண்ணீர்க் குளியல் ஆண்களுக்கு நல்லதா?

காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவனுக்கு இரும்பு உடம்பு என்று பேராக் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பால் நிறுத்துவிட்டு வந்து லயத்துக் குழாயடியில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டவர்கள் அவர்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. பேரப்பிள்ளைகளோ பீப்பாயில் ஐஸ் கொட்டி உள்ளே இறங்குகிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. நம் ஊர்க் குழாய் நீர் விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆய்வாளர்கள் குளிர்நீர் என்று சொல்வது பெரும்பாலும் 15 பாகையும் அதற்குக் கீழும். அதில் சட்டென்று இறங்கினால் மூச்சு முட்டும், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். பழகாதவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள்தான் கண்டம்.

நம்மவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்காரருக்கு இதய நோய் நெஞ்சு வலி இல்லாமலே வளரலாம். கால் மரத்துப் போனவருக்குக் குளிர் எவ்வளவு என்பதே தெரியாது.

சரி, நன்மையே இல்லையா? உண்டு. கடும் பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி குறைகிறது. 2016இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 3,018 பேர் பங்கேற்றனர். குளியலின் முடிவில் 30 முதல் 90 வினாடி குளிர்நீர் ஊற்றியவர்கள் நோய் விடுப்பு எடுப்பது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயுற்ற நாள்கள் குறையவில்லை! உடம்பு கட்ட நினைக்கும் இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி. எடை தூக்கிய கையோடு 10 பாகை நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததை 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர்.

ஆண்மை பெருகும் என்ற பேச்சுக்குத் தக்க சான்று இல்லை. விதைப்பைக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருந்தால் போதும். அதை இயற்கையே பார்த்துக்கொள்கிறது. கெடுப்பது சூடுதான். குழந்தைக்காகக் காத்திருக்கும் கணவர்கள் ஐஸ் வாங்குவதை விட்டு, தம்புன் வெந்நீர் ஊற்றில் அடிக்கடி நெடுநேரம் ஊறுவதைக் குறைக்கலாம். புதிய உயிரணுக்கள் முதிர்ச்சியடைய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால் பலன் உடனே தெரியாது.

ஐஸ் குளியலில் விருப்பமுள்ளவர்கள் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, காலிலிருந்து மெல்ல நனைத்து, ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.