சில்லில்லாத விமானம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்மகவுக்கு வகுத்த பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். பெரியோர் ஊர்ந்து செல்லும் தேரைக் காணும் குழந்தை, அதைப் போலச் சிறிதாக ஒன்றைத் தானும் உருட்ட விரும்புகின்றது. பெரியதைச் சிறிதாக்கிக் கைக்குள் அடக்கிப் பார்க்கும் இவ்வாசை, வயது வந்த பின்னும் பலரை விட்டு நீங்குவதில்லை. தேரின் காலம் போய் விமானத்தின் காலம் வந்தபோது, அவ்வாசையும் விமானத்தின் மேற் சென்றது. பிளாஸ்டிக்கினாற் செய்த உறுப்புகளைப் பெட்டியொன்றில் வாங்கி, ஒட்டி, அராவி, தீந்தை பூசிச் சிறு விமானமாக்கும் கைவினையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். விளையாட்டுப் பொருளுக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்போர் சிறிது பொறுத்தருள்க. நான் கட்டிய விமானம் இந்நாட்டின் வரலாற்றோடு நேரான தொடர்புடையது.

ஆறடி ஓர் அங்குலமாக

இக்கைவினையிற் பெருவழக்காயுள்ள அளவு, 72 இல் ஒரு பங்கு என்பதாகும். இவ்வெண்ணிற் புதிர் எதுவும் இல்லை. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இவ்வளவில் ஓர் அங்குலமாகின்றான். 1930களில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் மர மாதிரிகள் இவ்வளவை நிலைநிறுத்தின. 1936 இல் ‘ஃப்ரொக்’ நிறுவனத்தார் இதே அளவிற் பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டு, அவற்றுக்குப் ‘பென்குயின்’ என்று பெயர் வைத்தனர். பென்குயின் பறக்கமாட்டாத பறவையன்றோ? பறக்காத விமானத்துக்கு அப்பெயர் நகைச்சுவையோடு பொருந்தியது.

இத்துறையிற் பின்னர் பெரும்புகழ் பெற்ற எயார்பிக்ஸ் நிறுவனத்தை 1939 இல் இலண்டனில் தொடக்கியவர், ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கொலாஸ் கோவ் என்பவர். காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருள்களும் அதன்பின் தலைவாரும் சீப்புகளுமே அவர் முதலிற் செய்தவை. உருக்கிய பிளாஸ்டிக்கை அமுக்கத்துடன் உருக்கு அச்சினுட் செலுத்தும் இயந்திரம் சீப்புக்காக வந்து, மாதிரிகளுக்கும் உதவியது. 1952 இல் ‘கோல்டன் ஹைன்ட்’ என்னும் பாய்க்கப்பலும், 1953 இல் ஸ்பிட்பயர் விமானமும் அந்நிறுவனத்தின் சிறு மாதிரிகளாக வெளிவந்தன. பொலிஸ்தைரீன் என்னும் பிளாஸ்டிக் மலிவானது. நுண்ணிய கோட்டையும் அச்சிலிருந்து வாங்கிக்கொள்வது. ஏற்ற பசை பட்டால் இரு துண்டுகளும் இளகி ஒன்றாய் இணைந்துவிடுவது. இம்மூன்று குணங்களாலும் மாதிரி விமானம் சிறுவர்களின் கைக்காசுக்கு எட்டும் பொருளாயிற்று.

பெட்டியிலிருந்த கற்றலினா

எனக்குக் கிடைத்தது, 1960களின் தொடக்கத்தில் எயார்பிக்ஸ் வெளியிட்ட கற்றலினா விமானத்தின் பழைய பெட்டி. கற்றலினாவை ஆக்கியவர்கள் அமெரிக்காவின் கொன்சொலிடேற்றட் நிறுவனத்தார். அதன் முதல் உருவம் 1935 இற் பறந்தது. இறக்கையின் விரிவு 104 அடி. மாதிரியில் அது 17 அங்குலத்துக்குச் சற்று மேலாக அடங்குகின்றது. அடிப்பாகம் படகு, அதன் மேல் ஒற்றைத் தூண், அத்தூணின் மேல் நீண்ட இறக்கை, இறக்கையில் இரண்டு இயந்திரங்கள். நீரிலிருக்கும்போது சாயாதிருப்பதற்காக இறக்கையின் இரு புறத்தும் மிதவைகள் தொங்கும். மேலெழுந்தபின் அவை வெளிப்புறமாக மடங்கி இறக்கையின் நுனிகளாகவே ஆகிவிடும். உடலின் பிற்பகுதியில் இரு பக்கமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்து நிற்கும். அவற்றுள் இருப்போர் கடலை நெடுந்தூரம் நோக்கலாம்.

பெட்டியிலிருந்த மாதிரி நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல வகையைச் சேர்ந்தது. உடலின் பக்கங்களிற் சில்லுகள் ஒடுங்குவதற்கான குழிகளும், மூக்கின் கீழே முன்சில்லுக்கான அறையும் அதில் உண்டு. நான் கட்ட விரும்பிய விமானத்துக்கோ சில்லே இல்லை. அது தூய பறக்கும் படகு. பிரித்தானிய விமானப்படையினர் அதனை முதலாம் வகைக் கற்றலினா என்றனர். ஏஜே 155 என்பது அதன் இலக்கம். அது காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவியிலிருந்து எழுந்து சென்றது, திரும்பி வரவேயில்லை.

1942 ஏப்ரல் 4

கனடா விமானப்படையின் 413 ஆம் அணி, வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து 1942 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அவ்வணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் ஏப்ரல் 2 ஆம் நாள் கொக்கலைக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4 ஆம் நாள் சனிக்கிழமை, எண்மரை உடன் கொண்டு தெற்கே கடற்காவலுக்குப் புறப்பட்டார். பகலெல்லாம் வெறுங்கடலே கண்ணிற் பட்டது. மாலையில் அடிவானத்திற் சில புள்ளிகள் தோன்றின. அவை இன்னவையென்று அறிய விமானம் அணுகிச் சென்றது. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையே அது. தெய்வேந்திர முனைக்கு அப்பால் அப்பொழுது அது ஏறத்தாழ 350 மைல் தொலைவில் இருந்தது.

கப்பல்களிலிருந்து எழுந்த ஸீரோ விமானங்களின் வேகம் கற்றலினாவின் வேகத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. தப்புவதற்கு வழியில்லை. ஆனாற் செய்தி அனுப்பச் சில நிமிடங்கள் இருந்தன. செய்தியை மும்முறை அனுப்புதல் விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டுகள் பாய்ந்து கம்பியில்லாத் தந்திக் கருவி தகர்ந்தது. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். அறுவர் யப்பானிய நாசகாரிக் கப்பலொன்றாற் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின் மீது குண்டுகள் வீழ்ந்தன. ஆயினும் முன்னெச்சரிக்கை கிடைத்தமையால், துறைமுகத்தில் நின்ற பெரும்பாலான கப்பல்கள் அதற்குள் வெளியேறிவிட்டன. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதே 413 ஆம் அணியின் இன்னொரு கற்றலினாவும் அன்று பகைவரைக் காணச் சென்று மீளவில்லை. பேர்ச்சல் சிறையிலிருந்து உயிரோடு மீண்டார். ‘இலங்கையின் இரட்சகர்’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் 2004 இற் காலமானார்.

இல்லாததை அகற்றுதல்

இவ்வரலாற்றைப் படித்தபின் அப்பெட்டியிலுள்ளதை உள்ளவாறே ஒட்டிவிட என் மனம் இசையவில்லை. முதல் வேலை, சில்லுக் குழிகளை மூடுதல். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் குழியின் வடிவுக்கு வெட்டிப் பொருத்தி, விளிம்பின் இடைவெளிகளில் மக்கு நிரப்பி, உலர்ந்தபின் நீர் தொட்டு அரத்தாளால் தேய்த்தேன். உடல் அவ்விடத்திற் சற்று வளைந்து செல்வதால், தகட்டையும் வெந்நீரில் இளக்கி வளைக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு மறைந்த ஒட்டு விரலுக்கு மறைவதில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவியே தேய்த்தேன். மூன்று மாலைகள் இதற்கே சென்றன.

அடுத்தது ஆணிக்கொண்டைகள். அக்காலத்து மாதிரிகளில் உலோகத் தகடுகளைப் பொருத்திய ஆணிகளைப் புடைப்பாகக் காட்டுவது வழக்கம். வாங்குவோரும் அதை விரும்பினர். கணக்குப் பார்த்தால் உண்மை தெரியும். மாதிரியில் அரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு புள்ளி, உண்மை விமானத்தில் 36 மில்லிமீற்றராகும். மனிதனின் கட்டைவிரலினும் பருத்த கொண்டையை உடைய ஆணியை எந்த விமானமும் தாங்குவதில்லை. ஆகவே அவற்றை மெல்லத் தேய்த்து, நிழல் போலத் தெரியுமளவுக்குக் குறைத்தேன். கற்றலினாவின் இறக்கையிற் பின்பகுதி துணி போர்த்தியது. அங்கே ஆணிக்கே இடமில்லை. அப்பகுதியை முற்றும் வழுவழுப்பாக்கி, துணியின் கீழுள்ள சட்டங்களின் மெல்லிய எழுச்சியை மட்டும் விட்டேன்.

காணாத அறை

வலவனின் இருக்கைக்குப் பின்னே வழிகாட்டுபவரும் கம்பியில்லாத் தந்தி இயக்குபவரும் இருந்த அறை உண்டு. மாதிரியின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால், சிறிய சாளரத்தினூடாகவன்றி அவ்வறையைக் காண முடியாது. உள்ளே என்ன இருந்தாலென்ன என்று விட்டுவிடுவதே பலர் வழக்கம். நான் விட்டுவிடவில்லை. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு மேசை, அதன் மேற் கருவிப் பெட்டிகள், முன்னே ஓர் இருக்கை ஆகியவற்றைச் செய்து, சாவணத்தாற் பிடித்து உள்ளே ஒட்டினேன். மேசையின் நீளம் ஓர் அங்குலமும் இல்லை. அதைச் செய்து முடித்தபின் உடலை மூடினேன். இப்பொழுது அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அன்று இருளுமுன் இலங்கைக்கு வந்த செய்தி அந்த அறையிலிருந்தே வந்தது என்பதை எண்ணும்போது, அதை வெற்றிடமாக விட்டு மூடுவது எனக்குத் தகாததாகப் பட்டது.

அச்செய்தியைச் சுமந்த வானலைக் கம்பியையும் அமைக்க வேண்டும். நூலைக் கட்டினால் அது வடக்கயிறு போலத் தோன்றும். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. உறுப்புகளைத் தாங்கி நின்ற வார்ப்புச் சட்டத்தில் ஒரு துண்டை எடுத்து, மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் படாமற் சுழற்றிச் சூடாக்க வேண்டும். அது பளபளத்துத் தளரும் கணத்திற் சுடரை விட்டு நீக்கி, இரு கைகளாலும் இழுத்தால், தலைமயிர் போன்ற இழை ஒன்று நீளும். விரைந்து இழுத்தால் அறும். தாழ்த்தி இழுத்தாற் பருக்கும். நல்ல இழையொன்றைத் தெரிந்து, வாலின் உச்சியிலிருந்து இறக்கைக்குப் பொருத்தினேன்.

தீந்தை பூசுவதிலும் வரலாற்றைக் கேட்டே நடக்க வேண்டியிருந்தது. பிரித்தானியக் கடற்காவல் விமானங்களின் மேற்புறத்துக்கு இரு வகைச் சாம்பல் நிறங்கள் வழங்கின: ஒன்று கடலின் கருமை கலந்தது, மற்றது பச்சை சாய்ந்தது. வெப்பநாட்டு விமானம் என்றவுடன் வெயிலில் வெளிறிய தோற்றத்தைக் கொடுப்பது மாதிரி கட்டுவோரிடையே வழக்கம். ஆனால் இவ்வணி வடகடலிலிருந்து வந்து சில நாள்களே ஆகியிருந்தன. எனவே நிறத்தை வெளிறச் செய்யாது, படகின் அடியில் மட்டும் உப்புநீர்க் கறையைச் சிறிது காட்டினேன். பெட்டியிலிருந்த ஒட்டுச் சின்னங்கள் ஆண்டுகள் சென்றமையால் மஞ்சளித்திருந்தன. அத்தாளைச் சாளரக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால், வெயிலே அம்மஞ்சளைப் போக்கிவிடும். பின்பு நீரில் நனைத்து ஒட்டலாம். விமான இலக்கத்தை மட்டும் நுண்ணிய தூரிகையாற் கையினால் எழுதினேன்.

பாடபேதம்

பழம்பொருள் சேர்ப்போர் சிலர் இதனைக் கேட்டு முகஞ்சுளிப்பர். அவ்வச்சை உருக்கில் வெட்டிய தொழிலாளியின் கைவண்ணமும் ஒரு வரலாறல்லவா, அதைத் தேய்த்தழிக்க யார் உரிமை தந்தார் என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திறக்கப்படாத பழம்பெட்டி ஒன்று, திறந்து ஒட்டியபின் திரும்பக் கிடைப்பதில்லை.

இதற்கு விடை தேடியபோது, நம் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோரின் நெறி என் நினைவுக்கு வந்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். நல்ல பதிப்பாசிரியன் பொருந்தும் பாடத்தைத் தெரிந்து மேலே நிறுத்துவான். மற்றைப் பாடத்தையும் எறிந்துவிடாது கீழே குறித்து வைப்பான். இன்னொருவன் வேறாக முடிவு செய்ய விரும்பினால் அதற்கு இடமிருக்க வேண்டும் என்பது அவன் கருத்து. நானும் அவ்வாறே செய்தேன். பயன்படாத சில்லுகளையும், அவற்றின் கால்களையும், பழைய விளக்கத்தாளையும் அதே பெட்டியில் வைத்து, எவ்விடத்தில் எதை மாற்றினேன் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஆணிகளைத் தேய்க்கு முன் இருந்த நிலைக்குப் படங்கள் உண்டு. அச்சு வெட்டிய தொழிலாளிக்குச் செய்யவேண்டிய மரியாதை அது. கடலில் வீழ்ந்த ஒன்பதின்மருக்குச் செய்யவேண்டிய மரியாதை வேறு. அதற்கு விமானம் அவர்கள் சென்ற விமானமாகவே இருக்க வேண்டும்.

இப்பொழுது அம்மாதிரி பலகைத் தாங்கியொன்றின் மேல், மிதவைகள் மடிந்து, பறக்கும் நிலையில் நிற்கின்றது. அதைப் பார்க்கும் மாணவர் யாவரும் கேட்பது ஒரே கேள்வி: “இதற்குச் சில்லு எங்கே?” சில்லில்லை என்றால், பிறகு எங்கே இறங்கும் என்கிறார்கள். தண்ணீரில் என்றால், எந்தத் தண்ணீரில் என்கிறார்கள். கொக்கலை வாவி என்று சொல்லி, இலங்கைப் படத்தை விரித்துத் தென்கரையைக் காட்டுகிறேன். அதன்பின் 1942 ஆம் ஆண்டைப் பற்றி அவர்களே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.